ஏசாயா 53:4 - ஒரு வசனம், ஒரு எபிரெயச் சொல், ஒரு நோய் (நீண்ட இழை)

1/ சில வருஷங்களுக்கு முன்னால் புறநோயாளிப் பிரிவில் நடந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு தேமல். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன், தெரியவில்லை என்றார். பேனா முனையால் தொட்டேன், அதுவும் தெரியவில்லை. "இது தொழுநோய்மா, மாத்திரையில குணமாயிடும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார்.

2/ "ஆண்டவர் என்னை அடிச்சுட்டார் டாக்டர். பைபிள்லயே இருக்கு" என்றார். மருந்து எழுதிக் கொடுப்பது சுலபம். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது? அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்ததுதான் இந்த இழை. நான் இறையியல் படித்தவன் இல்லை, தோல் மருத்துவன். பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளம்.

3/ முதலில் வசனம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். எபிரெய வேதத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம். அதில் 40 முதல் 55 வரையான அதிகாரங்கள், யூதர்கள் பாபிலோனில் சிறையிருந்த கி.மு. 6-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எருசலேம் இடிக்கப்பட்டு, ஆலயம் எரிந்து, ஜனங்கள் நாடு கடத்தப்பட்ட காலம்.

4/ அந்தப் பகுதியில் 'கர்த்தருடைய ஊழியன்' என்று ஒருவரைப் பற்றிய நான்கு பாடல்கள் வருகின்றன. 1892-ல் பெர்ன்ஹார்ட் டூம் என்ற ஜெர்மன் அறிஞர்தான் இவற்றை நான்கு என்று தனியே பிரித்துக் காட்டினார். நாலாவது பாடல்தான் ஏசாயா 53 (52-ம் அதிகாரத்தின் கடைசி 3 வசனங்களும் அதோடு சேர்ந்தவை). புனித வெள்ளி அன்று சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பகுதி.

5/ "இதெல்லாம் கிறிஸ்தவர்கள் பிறகு எழுதிச் சேர்த்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1947-ல் சாக்கடலோரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல்சுருள் 7 மீட்டருக்கும் மேல் நீளமானது. இயேசு பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது. 53-ம் அதிகாரம் அதிலும் இருக்கிறது. பாடல் பழையதுதான். சண்டை எல்லாம் அதன் அர்த்தத்தில்தான்.

6/ நாலாவது வசனத்தின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். அவர் சுமந்தது எங்களுடைய நோய்களை, எங்களுடைய வலிகளை. ஆனால் நாங்கள் என்ன நினைத்தோம்? கடவுளே அவரை அடித்துத் தள்ளிவிட்டார் என்று நினைத்தோம்.

இதில் 'நோய்' என்று நான் எழுதியது அலங்காரத்துக்கு இல்லை. எபிரெயத்தில் உள்ள 'ஹொலி' என்ற சொல்லுக்கு நேரடிப் பொருளே நோய், உடம்புக்கு வருகிற நோய்.

7/ சரி, யார் அந்த 'அவர்'? இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசவை அதிகாரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து இதே பாடலைப் படித்துக்கொண்டிருக்கிறார். பிலிப்பு பக்கத்தில் வந்ததும் அவர் கேட்பது இதைத்தான்: தீர்க்கதரிசி தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறு ஒருவரைப் பற்றியா? பிலிப்பு அங்கிருந்தே தொடங்கி இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். கிறிஸ்தவ வாசிப்பு இதுதான்.

8/ யூதர்களின் வாசிப்பு வேறு. துன்பப்படும் ஊழியன் தனி மனிதன் இல்லை, சிதறடிக்கப்பட்ட இஸ்ரவேல் ஜனமே என்று யூதர்கள் தன்னிடம் வாதிட்டதை 3-ம் நூற்றாண்டிலேயே ஓரிகன் எழுதி வைத்திருக்கிறார். 11-ம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற பெரிய உரையாசிரியரும் அப்படித்தான் உரை எழுதினார். அந்த வாசிப்புக்கும் நியாயம் உண்டு. முந்தைய அதிகாரங்களில் இஸ்ரவேலையே 'என் ஊழியன்' என்று கடவுள் கூப்பிடுகிறார். அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்.

9/ 'நாகுவா'. 'அடிக்கப்பட்டவர்' என்று நாம் படிக்கிற இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல். இதன் வேர்ச்சொல்லுக்கு 'தொடுதல்' என்றும் பொருள், 'அடித்தல்' என்றும் பொருள். கடவுள் தொட்டால் தாங்குமா? அது அடி ஆகிவிடுகிறது. இதே வேரிலிருந்து வரும் பெயர்ச்சொல் 'நெகா'. லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் தோலில் வரும் தழும்புகளை ஆசாரியன் பரிசோதிக்கும் இடத்தில் திரும்பத் திரும்ப வருவது இந்தச் சொல்தான்.

10/ இன்னும் ஒன்று. ஏசாயாவின் காலத்து ராஜா உசியா. அவருக்குத் தோல்நோய் வந்து, கடைசிவரை தனி வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார் என்கிறது 2 இராஜாக்கள் 15-ம் அதிகாரம். கடவுள் அவரை 'அடித்தார்' என்று சொல்ல அங்கேயும் இதே வேர்ச்சொல். ஆக, எபிரெயம் தெரிந்த ஒருவர் காதில் 'நாகுவா' விழுந்தால் வெறும் அடி மட்டும் கேட்காது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நோயாளியும் சேர்ந்தே கேட்பார்.

11/ யூத ரபிகளுக்கும் அப்படித்தான் கேட்டது. தால்மூதில் சன்ஹெத்ரின் பகுதியில் மேசியாவின் பெயர் என்ன என்று ஒரு விவாதம். அதில் ஒரு பதில், அவர் பெயர் 'குஷ்டரோகி' என்பது. ஆதாரமாகக் காட்டப்படுவது இதே ஏசாயா வசனம்!

அதற்குச் சற்று முன்னால் ஒரு கதை. மேசியா எங்கே இருக்கிறார்? நகர வாசலில், நோயாளி ஏழைகள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாக் கட்டுகளையும் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டுப் பிறகு கட்டுகிறார்கள். அவர் மட்டும் ஒரு புண்ணை அவிழ்த்து, கட்டி, அதற்கப்புறம்தான் அடுத்ததைத் தொடுகிறார். எந்த நிமிஷமும் அழைப்பு வரலாம், தாமதம் ஆகிவிடக் கூடாது என்பதற்காக.

12/ புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

13/ இப்போது ஜெரோம். 386-ல் பெத்லகேமில் போய்த் தங்கியவர். யூத ஆசிரியர்களிடம் எபிரெயம் கற்றுக்கொண்டு, பழைய ஏற்பாட்டை நேரடியாக எபிரெயத்திலிருந்து லத்தீனுக்குக் கொண்டு வந்தார். 'நாகுவா' வந்த இடத்தில் அவர் போட்ட சொல் 'லெப்ரோசும்'. அதாவது குஷ்டரோகி. இந்த லத்தீன் பைபிள்தான் அடுத்த ஆயிரம் வருஷம் மேற்கு ஐரோப்பாவின் பைபிள். பாடுபடும் கிறிஸ்து ஒரு தொழுநோயாளியைப் போல என்ற எண்ணம் இப்படித்தான் அங்கே பரவியது. (நம் தமிழ் பைபிள்களில் இந்த வசனத்தில் குஷ்டம் என்ற சொல் இல்லை.)

14/ இங்கே மருத்துவனாக ஒரு குறுக்கீடு. லேவியராகமம் சொல்லும் 'சாரஅத்' நம்முடைய தொழுநோய் இல்லை. அது துணியிலும் வரும், வீட்டுச் சுவரிலும் வரும் என்கிறது அதே புத்தகம். தொழுநோய்க் கிருமி சுவரில் தேமல் போடாது! பல வகைத் தோல் மாற்றங்களுக்கும் பூஞ்சைக்கும் சேர்த்து ஒரே பெயர் அது, தூய்மை-தீட்டு சம்பந்தப்பட்ட சொல்.

15/ கிரேக்கத்தில் அதை 'லெப்ரா' என்று மொழிபெயர்த்தார்கள். செதில் செதிலாக உரியும் தோல்நோய் என்று அர்த்தம். உண்மையான தொழுநோய்க்குக் கிரேக்க வைத்தியர்கள் வைத்த பெயர் வேறு. 11-ம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்கள் லத்தீனுக்கு வந்தபோது, தொழுநோயைக் குறிக்கும் 'ஜுதாம்' என்ற அரபுச் சொல்லுக்கும் 'லெப்ரா' என்றே போட்டார்கள். ஆசாரியனின் தீட்டும் வைத்தியனின் நோயும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. பாவம், அதன் சுமை விழுந்தது நோயாளி தலையில்.

16/ சரி, ஜெரோமின் அந்த ஒரு சொல் என்ன செய்தது? இரண்டு விதமாகவும் பார்க்கலாம். ஒரு பக்கம், கிறிஸ்துவே தொழுநோயாளியைப் போல எண்ணப்பட்டவர் என்றால், வாசலில் நிற்கும் தொழுநோயாளி யார்? அசிசி பிரான்சிஸ் 1226-ல் சாகும்முன் எழுதிவைத்த சாசனத்தில், தன் மனமாற்றமே தொழுநோயாளிகள் நடுவில் போனதில்தான் தொடங்கியது என்கிறார். 1179-ல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், தொழுநோயாளிகளுக்குச் சொந்தமாக ஆலயமும் கல்லறைத் தோட்டமும் குருவும் இருக்கலாம் என்று விதி செய்தது. ஒதுக்கித்தான் வைத்தார்கள், ஆனால் திருச்சபைக்கு வெளியே தள்ளவில்லை.

17/ எருசலேமில் ஒரு ராஜாவே தொழுநோயாளி. நான்காம் பால்ட்வின். சிறுவயதில் பையன்கள் கையைக் கிள்ளி விளையாடும்போது மற்ற பிள்ளைகள் கத்துவார்கள், இவன் மட்டும் சும்மா இருப்பான். பொறுமைசாலி என்று முதலில் நினைத்த ஆசிரியர், தீரின் வில்லியம், விசாரித்துப் பார்த்தபோதுதான் ஒரு கையில் பாதி உணர்ச்சியே இல்லை என்று புரிந்தது. நான் இன்றைக்கும் பஞ்சை வைத்துச் செய்வது அதே சோதனைதான்! 1174-ல் முடிசூட்டப்பட்டு, 1177-ல் சலாதீனையே தோற்கடித்து, 1185-ல் இருபத்து நான்கு வயதைத் தொடும்முன் இறந்தார்.

18/ இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1321, பிரான்ஸ். தொழுநோயாளிகள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. ஜூனில் ஐந்தாம் பிலிப் மன்னர் ஆணை போட்டார். சித்திரவதை, 'ஒப்புதல்', எரிப்பு. மிஞ்சியவர்கள் அடைக்கப்பட்டார்கள். சதியில் பங்கு என்று யூதர்களையும் சேர்த்துக் கொன்றார்கள். இந்த வசனத்தால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொன்றவர்கள் படித்த பைபிளும் பிரான்சிஸ் படித்த பைபிளும் ஒன்றுதான். வசனமும் அதேதான்.

19/ அப்படியானால் வித்தியாசம் எங்கே? எனக்குப் படுவது இதுதான். ஒரு கூட்டம் பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டது. வினைச்சொல்லை விட்டுவிட்டது.

வசனம் 'அவர் கடவுளால் அடிக்கப்பட்டவர்' என்று முடிந்துவிடவில்லை. 'அப்படி நாங்கள் *நினைத்தோம்*' என்கிறது. எபிரெயத்தில் 'நாங்களோ' என்று தனியாக அழுத்திச் சொல்கிறார்கள். முதல் சொல்லே 'உண்மையில்' என்பது போன்ற ஒரு திருப்பச் சொல். ஜெரோமும் கவனமாகத்தான் இருந்தார். 'நினைத்தோம்' என்றும் போட்டார், குஷ்டரோகி 'போல' என்றும் போட்டார். இரண்டு வேலி. படித்தவர்கள் இரண்டையும் தாண்டிப் போனார்கள்.

20/ எங்கள் பாஷையில் சொன்னால், இந்த வசனம் ஒரு டயக்னோசிஸ் இல்லை. தப்பான டயக்னோசிஸ் போட்டவர்களின் ஒப்புதல் வாக்குமூலம். வேடிக்கை பார்த்த ஊர், பிறகு வந்து தலைகுனிந்து, 'இவன் செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்தோம், அது தப்பு' என்கிறது.

21/ "அதே அதிகாரம் 10-ம் வசனத்தில் அவரை நொறுக்கியது கடவுளின் சித்தம்தான் என்று வருகிறதே?" என்று பைபிள் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. பாடல் துன்பத்தைக் கடவுளிடமிருந்து பிரித்துவிடவில்லை, நான் அப்படிச் சொன்னால் அது ஏமாற்று. ஆனால் 5-ம் வசனமும் 9-ம் வசனமும் ஒன்றைத் தெளிவாக்குகின்றன: அவர் பட்டது அவருடைய குற்றத்துக்காக இல்லை. ஊர் தவறியது அங்கேதான். துன்பப்படுகிறவனைப் பார்த்ததும் 'ஏதோ செஞ்சிருப்பான்' என்று முடிவு கட்டியதில்.

22/ இதை மத்தேயு எப்படிப் படித்தார் என்று பாருங்கள். செப்துவஜிந்த் எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த வசனத்தின் 'நோய்கள்' என்பது 'பாவங்கள்' என்று மாறியிருக்கிறது. மத்தேயு எழுதியதும் கிரேக்கத்தில்தான், கையெட்டும் தூரத்தில் அந்த மொழிபெயர்ப்பு. ஆனால் 8-ம் அதிகாரம் 17-ல் அவர் எபிரெயத்தை ஒட்டி, பலவீனம், நோய் என்றே எழுதுகிறார். எந்த இடத்தில்? சிலுவையில் இல்லை. பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் தணிந்த அன்று சாயங்காலம், வாசலில் கூடிய நோயாளிகள் குணமானதைச் சொல்லும் இடத்தில்.

23/ அதே 8-ம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? ஒரு குஷ்டரோகி வந்து முன்னால் விழுகிறார். இயேசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அடுத்த கதையில் நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே குணமாக்குகிறார். ஆனால் இங்கே கையை நீட்டித் தொடுகிறார். 'நாகுவா'வின் வேர் ஞாபகம் இருக்கிறதா? தொடுதல், அடித்தல். கடவுளின் கை தன்மேல் அடியாக விழுந்தது என்று ஊர் சொன்ன ஒருவர்மேல், கை தொடுதலாக வருகிறது. மத்தேயு இதை யோசித்துத்தான் அடுக்கினாரா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் ஏசாயா 53:4-ஐப் படிக்க இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

24/ இனி விஞ்ஞானம். 1873-ல் நார்வேயின் பெர்கனில் அர்மௌர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தார். சாபமும் இல்லை, பரம்பரையும் இல்லை, ஒரு பாக்டீரியா. அத்தோடு 'நினைத்தோம்' முடிந்ததா? இல்லை. இதே ஹான்சன் 1879-ல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவர் சம்மதம் கேட்காமலேயே, இன்னொருவரின் நோய்த்திசுவை ஊசியால் ஏற்றிப் பார்த்தார். அடுத்த வருஷம் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளியை மனுஷியாகப் பார்க்கத் தவறுவதில் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

25/ கதையின் அடுத்த திருப்பம் நம் ஊரில் நடந்தது. பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்று அதுவரை உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அவர் கவனித்தது வேறு: உணர்ச்சி போய்விடுவதால் சுடுவதும் குத்துவதும் தெரியாமல், காயத்துக்கு மேல் காயம் பட்டே விரல் போகிறது. மடங்கிப் போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார்.

26/ இன்றைக்கு நிலவரம்: மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையை 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. லேசான வகைக்கு 6 மாதம், தீவிர வகைக்கு 12 மாதம். இலவசம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு சக்தி உண்டு. இவ்வளவும் தெரிந்த பிறகும், தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை இந்தியச் சட்டங்களில் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும்கூட! 2019-ல்தான் நீக்கினார்கள்.

27/ அந்த அம்மாவிடம் வருகிறேன். மாதாமாதம் மாத்திரை அட்டை வாங்க வருவார். மூன்றாவது மாதமோ நான்காவதோ, நான் படித்ததைச் சொன்னேன். "நீங்க சொன்ன வசனத்தை வீட்ல மறுபடி எடுத்துப் பாருங்கம்மா. ஆண்டவர் அடிச்சுட்டார்னு அதுல ஆண்டவர் சொல்லலை. ஊர்க்காரங்க அப்படி நினைச்சோம்னு சொல்றாங்க. நினைச்சது தப்புன்னும் அவங்களே சொல்றாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இதை எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல டாக்டர். எங்க தெருவுல சொல்லணும்" என்றார்.

28/ அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தெரு இதுதானே.

உங்கள் உடம்பில் வெளிறிய, உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தால், கை கால் மரத்துப் போனால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சீக்கிரம் போனால் ஊனம் இல்லாமல் தப்பலாம். வேறு யாருக்காவது இந்த நோய் என்று கேள்விப்பட்டால், 'என்ன பாவம் செஞ்சாங்களோ' என்று வாய் வரைக்கும் வருகிற வாக்கியத்தை விழுங்கிவிட்டு, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒன்றும் ஆகாது.